சூத்திரமா? மந்திரமா?

வருஷந்தோறும் நம் நாட்டு என்ஜினீயரிங் காலேஜுகளில் ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் "எலெக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன்" என்னும் பிரிவில் சேருகிறார்கள். இவர்களில் அநேகர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசற்படியை மிதித்தவர்களாவார்கள். தகப்பனார் நிலத்தை ஈடு வைத்தோ, தாயார் காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தோ சம்பளம் கட்டியிருப்பார்கள். ஒரு காலத்தில் வீட்டுக்குத் தந்தி வந்தால், அதில் என்ன இருக்கிறதோ என்று பதறிக்கொண்டு, அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடி அடுத்த தெருவுக்கு ஓடிய குடும்பங்கள் அவை. அந்தத் தந்தி சேவையே இந்தியாவில் 2013-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று அதே குடும்பத்துப் பிள்ளை, செய்தி எப்படிப் போகிறது, எப்படி வருகிறது என்பதையே தொழிலாகப் படிக்கப் புறப்படுகிறதென்றால், அதைவிட நமக்குச் சந்தோஷம் தரத்தக்கது வேறொன்றுமில்லை.

ஆனால் அப்படிப் படித்து வெளியே வருகிற பிள்ளை, செய்தி எப்படிப் போகிறதென்று தன்னைப் பெற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லத்தக்க யோக்கியதையோடு வருகிறதா என்பதுதான் நாம் இன்று கேட்க விரும்பும் கேள்வியாகும்.

அப்படிப் படிக்கிற பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, "மாடுலேஷன் என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் வரும். "அது எதற்காக வேண்டும்?" என்று கேட்டால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசை பிசகாமல் நான்கு காரணங்கள் வரும். "சரி, அந்த முதல் காரணம் எப்படிக் காரணமாகிறது?" என்று கேட்டால் மட்டும் பதில் வராது. பிள்ளை தலை குனிந்து நிற்கும். இது பிள்ளையின் குற்றமல்ல. முதல் நாளே கரும்பலகையில் ஒரு சூத்திரத்தை எழுதி, "இதை எழுதிக்கொள், பரீட்சைக்கு வரும்" என்று சொல்லிக் கொடுத்தவர்களுடைய குற்றமேயாகும்.

அர்த்தம் தெரியாமல் சொல்லப்படுவதற்கு மந்திரம் என்று பெயர். அர்த்தம் தெரிந்து, சந்தேகம் கேட்டு, பரீட்சித்துப் பார்த்து ஒப்புக்கொள்ளப்படுவதுதான் சூத்திரம். எழுத்து ஒன்றாகவே இருக்கலாம். படிக்கிறவன் படிக்கிற மாதிரியினால்தான் அது மந்திரமாவதும் சூத்திரமாவதும். ஆகவே இந்த வித்தையை வாலிபர்களுக்கு எப்படி அறிமுகப்படுத்த வேண்டும் என்பதைப் பற்றிச் சிறிது எழுதலாம் என்று கருதுகிறோம். படிக்காத தோழர்கள், "இது நமக்குப் புரியாத சங்கதி" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். ஏனென்றால் இதன் அடிப்படை அவர்களுக்கு முன்பே தெரிந்ததுதான்.

எப்படியென்றால், ஊரில் தண்டோராப் போடுகிறவரை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தாசில்தார் உத்தரவு ஒன்று இருக்கிறது. அது செய்தி. அதைக் கூவுகிறவர் ஒருவர். கேட்கிறவர்கள் தெருவார். இடையிலிருக்கும் காற்றுத்தான் செய்தி போகும் வழி. அந்த வழியில் சந்தைக் கூச்சலும், நாய் குரைப்பும், வண்டிச் சத்தமும் வந்து கலக்கின்றன. அது இரைச்சல். செய்தி, அனுப்புகிறவர், வழி, இரைச்சல், பெறுகிறவர் ஆகிய இந்த ஐந்தும்தான் மொத்த சாஸ்திரமும். கடல் கடந்த டெலிபோனுக்கும், ரேடியோவுக்கும், ஆகாயத்தில் சுற்றும் செயற்கைத் துணைக்கோளுக்கும் இந்த ஐந்துக்குமேல் ஆறாவது ஒன்று கிடையாது.

அன்றியும், அந்தத் தண்டோராக்காரர் முதலில் நான்கு தட்டுத் தட்டுகிறாரே, அது ஏன்? செய்தி வரப்போகிறது, காதைத் திருப்புங்கள் என்பதற்காக. சொன்னதையே இரண்டாந்தரமும் சொல்லுகிறாரே, ஏன்? முதல் தடவை இரைச்சலில் போனது இரண்டாந்தடவையாவது சேரட்டும் என்பதற்காக. வார்த்தைகளை நீட்டி, நிறுத்தி, நிதானமாகக் கூவுகிறாரே, ஏன்? வேகமாகச் சொன்னால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும் என்பதற்காக. இம்மூன்றையும் இன்றைய யந்திரங்கள் அப்படியே செய்கின்றன. செய்திக்கு முன்னால் அடையாளம் அனுப்புகின்றன. பிழை திருத்த அதிகப்படி எழுத்துக்களைச் சேர்க்கின்றன. வழி தாங்குகிற வேகத்துக்கு மேல் போவதில்லை. எழுத்தறியாத ஒருவர் அனுபவத்தினால் கண்டதை என்ஜினீயர்கள் கணக்கினால் அளந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்கில்லாமல் அனுபவம் மட்டும் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது என்பதற்குச் சரித்திரத்தில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது.

1858-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அயர்லாந்திலிருந்து வட அமெரிக்காவின் நியூபவுண்டுலாந்துக்கு அட்லாண்டிக் கடலின் அடியில் 3,000 கிலோமீட்டருக்குமேல் ஒரு தந்திக் கேபிள் போடப்பட்டது. ஊரெல்லாம் வாணவேடிக்கை நடந்தது. விக்டோரியா ராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு 98 வார்த்தைகளில் ஒரு வாழ்த்து அனுப்பினார். அந்த 98 வார்த்தைகளும் போய்ச் சேரச் சுமார் 16 மணி நேரமாயிற்று. அதாவது ஒரு வார்த்தைக்குப் பத்து நிமிஷம். ஏன் இப்படி?

இதற்குக் காரணத்தை வில்லியம் தாம்ஸன் என்பவர், கேபிள் போடுவதற்கு முன்பே, 1854, 1855-ம் வருஷங்களில் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். நீளமான வாய்க்கால் ஒன்றின் தலைமடையைத் திறந்தால், கடைமடையில் தண்ணீர் உடனே பாய்ந்துவிடாது. மெல்ல மெல்ல ஏறும். மடையை மூடினாலும் உடனே வற்றிவிடாது. மெல்ல மெல்ல இறங்கும். நீங்கள் தலைமடையைப் படபடவென்று திறந்து திறந்து மூடினால், கடைமடையில் நிற்கிறவனுக்குத் திறந்ததும் தெரியாது, மூடியதும் தெரியாது. ஒரே மந்தமான கசிவுதான் தெரியும். கடலடிக் கேபிளும் அப்படியே. நடுவில் செம்புக் கம்பி, அதைச் சுற்றிக் காப்பு, அதற்கு வெளியே கடல் நீர். இது நீளநெடுக மின்சாரத்தைத் தேக்கி வைத்துக்கொள்ளும் பாத்திரம் போலாகிவிடுகிறது. தந்தியின் ஒவ்வொரு புள்ளியும் அதை நிரப்பிக்கொண்டு, பிறகு வடிந்துகொண்டு போகவேண்டும். நீளம் இரட்டித்தால் கம்பியின் தடையும் இரட்டிக்கிறது, தேங்கும் அளவும் இரட்டிக்கிறது. ஆகவே தாமதம் நான்கு மடங்காகிறது என்பதே தாம்ஸனின் கணக்கு. இதற்குப் பரிகாரம் கம்பியைப் பருமனாக்குவதும், காப்பைத் தடிப்பாக்குவதும், மறுகரையில் அற்ப அசைவையும் கண்டுபிடிக்கும் நுட்பமான கருவியை வைப்பதுமே என்றும் அவர் சொன்னார்.

ஆனால் அந்தக் கம்பெனியின் மின்சார நிபுணராக இருந்த ஒயிட்ஹவுஸ் என்பவர் இதை ஒப்பவில்லை. இவர் படிப்பால் ரண வைத்தியர். தாம்ஸன் கணக்கு ஏட்டுச் சுரைக்காய் என்பது இவர் எண்ணம். செய்தி மந்தமாக வருகிறதா, அப்படியானால் இன்னும் பலமாகத் தள்ளு என்பதே இவர் வைத்தியம். சுமார் 2,000 வோல்ட் வரை மின்சாரத்தை அந்தக் கேபிளில் ஏற்றினார். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்று தலைமடையில் வெள்ளத்தைத் திறந்துவிட்டால் கரைதான் உடையும். கேபிளில் முன்பே சில குறைகள் இருந்தன. இந்த அடியில் அது அடியோடு செத்துப்போயிற்று. மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்தது. வாணவேடிக்கை விட்டவர்கள் மோசடி என்று கூவினார்கள். பிறகு விசாரணை நடந்து, கணக்குக்கு மரியாதை கொடுத்துப் பருமனான கம்பியோடு செய்யப்பட்ட கேபிள் 1866-ல் போடப்பட்டு, நிமிஷத்துக்கு எட்டு வார்த்தை வீதம் வேலை செய்தது. ஒரு வார்த்தைக்குப் பத்து நிமிஷம் எங்கே, ஒரு நிமிஷத்துக்கு எட்டு வார்த்தை எங்கே! நடுவில் நடந்த அற்புதம் ஒன்றுமில்லை. ஏன் என்று கேட்டு, அதற்கு அளவு கண்டுபிடித்தார்கள். அவ்வளவுதான்.

நிற்க, இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் கணக்குத் தெரிந்த பெரியவர்கள் சொல்லுவதை அப்படியே நம்பிவிட வேண்டியதுதானே" என்று யாராவது நினைப்பார்களேயானால் அதுவும் தவறாகும். அதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. அதைச் சொல்லுவதற்கு முன், ரேடியோவில் செய்தி எப்படிப் போகிறதென்பதைச் சொல்லவேண்டும்.

டெலிபோனில் பேச்சு விளங்குவதற்கு வினாடிக்கு 300 முதல் 3,400 தடவை வரையிலுள்ள அதிர்வுகள் போனால் போதும். இந்த அகலத்துக்குத்தான் பேண்ட்வித் என்று பெயர். பாதை எவ்வளவு அகலமோ அவ்வளவு வண்டிகள் போகும் என்பது போல, இந்த அகலம் எவ்வளவோ அவ்வளவு வேகமாகச் செய்தி போகும். ஓர் அகலத்தில் வினாடிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு துடிப்புக்களுக்கு மேல் குழப்பமில்லாமல் அனுப்ப முடியாது என்று அமெரிக்காவில் நைக்விஸ்ட் என்பவர் 1924-லும் 1928-லும் எழுதிய கட்டுரைகளில் காட்டினார். தண்டோராக்காரர் நிதானமாகக் கூவுவதன் கணக்கு இதுதான்.

இனி, பேச்சை அப்படியே மின்சார அலையாக்கி ஆகாயத்தில் விட்டால் என்ன? வினாடிக்கு 3,000 தடவை அதிரும் மின்சார அலையின் நீளம் 100 கிலோமீட்டராகும். ஏரியல் கம்பம் அலையின் நீளத்தில் கால் பங்காவது இருந்தால்தான் செவ்வையாக வேலை செய்யும் என்பதால், 25 கிலோமீட்டர் உயரத்துக்குக் கம்பம் நடவேண்டும். எங்கே நடுவது? வினாடிக்குப் பத்து லட்சம் தடவை அதிரும் அலையானால் நீளம் 300 மீட்டர்தான். 75 மீட்டர்க் கம்பம் போதும். வினாடிக்குப் பத்துக் கோடி தடவையானால் முக்கால் மீட்டர்க் கம்பி போதும். ஆகவே மெதுவாக அதிரும் பேச்சை, வேகமாக அதிரும் ஓர் அலைமேல் மூட்டை ஏற்றுவது போல் ஏற்றி அனுப்புகிறார்கள். இந்த மூட்டை ஏற்றுவதற்குத்தான் மாடுலேஷன் என்று பெயர். முன்பு தலை குனிந்து நின்ற பிள்ளைக்கு அந்த முதல் காரணத்தை இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் ஆயுள் உள்ளவரை மறக்குமா?

மூட்டையை எங்கே ஏற்றுவது? அலையின் உயரத்தில் ஏற்றுவது ஒரு முறை. அது ஏ.எம். என்பது. ஆனால் இடி மின்னல் இடிக்கும்போது அதுவும் அலையின் உயரத்தைத்தான் கலைக்கிறது. ஆகையால் ரேடியோவில் பாட்டோடு கரகரவென்ற சத்தமும் சேர்ந்து வரும். அதற்குப் பதிலாக, உயரத்தை மாற்றாமல் அதிர்வின் வேகத்தை மாற்றி அதில் செய்தியை ஏற்றினால் என்ன? இது எப்.எம். என்பது. 1922-ல் ஜான் கார்ஸன் என்னும் பெரிய கணித நிபுணர், இம்முறையினால் அகலமும் மிச்சமாகாது, வேறு பிரயோஜனமும் கிடையாது என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். கார்ஸன் சொன்ன பிறகு யார் என்ன சொல்லமுடியும்? அநேகமாக எல்லோரும் அதோடு விட்டுவிட்டார்கள்.

எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் என்பவர் மாத்திரம் விடவில்லை. அகலத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்று ஏன் நினைக்கவேண்டும், தாராளமாகச் செலவு செய்தால் என்ன ஆகும் என்று கேட்டார். பல வருஷம் பாடுபட்டு 1933-ல் உரிமைப் பத்திரங்கள் பெற்று, 1935-ல் நியூயார்க்கில் என்ஜினீயர்கள் சபை முன்னிலையில் கரகரப்பில்லாத ரேடியோவை நேரில் காட்டினார். எப்.எம். நிலையம் ஒன்றுக்கு 200 கிலோஹெர்ட்ஸ் அகலம் ஒதுக்குகிறார்கள். பழைய மத்திய அலை நிலையத்துக்கு நம் நாட்டில் கிடைப்பது 9 கிலோஹெர்ட்ஸ்தான். இருபது மடங்குக்குமேல் அகலத்தைக் கொடுத்து, இரைச்சலிலிருந்து விடுதலையை விலைக்கு வாங்கினார் ஆர்ம்ஸ்ட்ராங். இந்தியாவில் இந்த எப்.எம். ஒலிபரப்பு முதன்முதலாக 1977-ல் சென்னையில்தான் தொடங்கியது.

இதில் கார்ஸனுடைய கணக்கில் பிழையில்லை. அவர் அகலத்தைக் குறுக்க முடியுமா என்று பார்த்தார். முடியாதென்று கண்டது சரியே. இன்றும் எப்.எம். அலைக்கு எவ்வளவு அகலம் வேண்டுமென்று கணக்கிடும் விதி அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆனால் ஒரு நிபந்தனைக்குள் கண்டதை எல்லா நிபந்தனைக்கும் பொருந்தும் என்று கொண்டதே தவறு. ஒயிட்ஹவுஸ் கணக்கை மதிக்காமல் கெட்டார். கார்ஸன் கணக்கை நம்பியவர்கள் அதன் எல்லையைக் கேட்காமல் பின்தங்கினார்கள். இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பகுத்தறிவு என்று நாம் சொல்லுகிறோம்.

ஆகவே மாணாக்கன் எந்தச் சூத்திரத்தைக் கண்டாலும் முதலில் கேட்கவேண்டியது, "இது எப்போது பலிக்காது?" என்பதேயாகும். மந்திரத்துக்கு இந்தக் கேள்வி கிடையாது. மந்திரம் பலிக்காவிட்டால், சொன்னவனுக்குப் பக்தி போதாது என்றுதான் சொல்லுவார்கள். சூத்திரம் பலிக்காவிட்டால், நிபந்தனை என்ன என்று தேடுவார்கள். அந்தத் தேடுதலில்தான் புது வித்தை பிறக்கிறது.

இரைச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடி மின்னலை விலக்கினால் இரைச்சல் ஒழிந்துவிடுமா? ஒழியாது. எந்தக் கம்பியிலும், அது குளிர்ந்துபோய்ச் சூன்ய நிலைக்கு வந்தாலொழிய, உள்ளிருக்கும் எலெக்ட்ரான்கள் உஷ்ணத்தினால் ஓயாமல் துள்ளிக்கொண்டே இருக்கின்றன. அதனால் ஒரு மெல்லிய இரைச்சல் எப்போதும் உண்டு என்று ஜான்ஸன் என்பவர் 1928-ல் அளந்து காட்டினார். ஆகையால் சின்னச் செய்தியை எவ்வளவு பெருக்கினாலும் அதோடு இரைச்சலும் பெருகும். கூச்சலுக்கு மேல் கூச்சல் போடுவது பரிகாரமல்ல. அப்படியானால் பரிகாரந்தான் என்ன?

இதற்குப் பதில் சொல்லுமுன் செய்தி என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார். வருஷம் 1948. பெல் டெலிபோன் ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்த கிளாட் ஷானன் என்பவர், வயது 32. செய்தியின் அளவு அதிலுள்ள எழுத்தின் எண்ணிக்கையிலோ, அதன் பெருமையிலோ இல்லை. கேட்கிறவனுக்கு இருந்த சந்தேகத்தை அது எவ்வளவு குறைக்கிறது என்பதில்தான் இருக்கிறது என்பது அவர் கொள்கை. விடியற்காலையில் குடுகுடுப்பைக்காரன் வருகிறான். "நல்ல காலம் பிறக்குது" என்கிறான். உங்கள் வீட்டிலும் அதையே சொல்லுகிறான், அடுத்த வீட்டிலும் அதையே சொல்லுகிறான், நேற்றும் அதையே சொன்னான், நாளையும் அதையே சொல்லுவான். அவன் வாயைத் திறக்குமுன்பே அவன் சொல்லப்போவது உங்களுக்குத் தெரியும். ஆகவே ஷானன் கணக்குப்படி அந்த வார்த்தையில் உள்ள செய்தியின் அளவு பூஜ்யம்! ஆனால் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போன மகளைப் பற்றி, "ஆணா, பெண்ணா" என்று காத்திருக்கும்போது வரும் ஒரே ஒரு வார்த்தையில் ஒரு முழு அளவு செய்தி இருக்கிறது. இரண்டில் ஒன்று என்னும் சந்தேகத்தைத் தீர்க்கும் அந்த அளவுக்குத்தான் ஒரு பிட் என்று பெயர்.

இதே யுக்தி மோர்ஸ் தந்தியிலேயே உண்டு. இங்கிலீஷில் அடிக்கடி வரும் "ஈ" என்னும் எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. அபூர்வமாக வரும் "க்யூ"வுக்கு மூன்று கோடும் ஒரு புள்ளியும். எதிர்பார்த்ததைச் சுருக்கமாகச் சொல், எதிர்பாராததை விரிவாகச் சொல் என்பதே அதன் தத்துவம்.

பேச்சையும் இப்படிப் பிட்டாக்கிவிடலாம். 3,400 வரை அதிரும் பேச்சை அதன் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமாக, வினாடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதினால் வினாடிக்கு 64,000 பிட். அலெக் ரீவ்ஸ் என்பவர் 1937-ல் கண்ட இந்த முறைதான் டிஜிட்டல் டெலிபோனுக்கு ஆதாரமாயிற்று.

இனி ஷானன் கண்ட எல்லையைச் சொல்லுவோம். வழியின் அகலமும், செய்தியின் பலம் இரைச்சலைப்போல் எத்தனை மடங்கு என்பதும் தெரிந்தால், அவ்வழியில் வினாடிக்கு இத்தனை பிட்தான் போகலாம் என்று ஓர் எல்லை உண்டு. 3,100 ஹெர்ட்ஸ் அகலமுள்ள டெலிபோன் வயரில் செய்தி இரைச்சலைப்போல் 1,000 மடங்கு இருந்தால் அந்த எல்லை வினாடிக்குச் சுமார் 31,000 பிட். 1990-களில் சாதாரண டெலிபோன் மோடம்கள் 28,800, 33,600 என்று இந்த எல்லையை ஒட்டியே வந்து நின்றன. ஆனால் அதைவிட ஆச்சரியமானது ஒன்று உண்டு. எல்லைக்குள் இருக்கிறவரை, எவ்வளவு இரைச்சல் இருந்தாலும், சாமர்த்தியமாகக் குறி அமைத்தால் பிழையை நாம் விரும்பிய அளவுக்குக் குறைத்துவிடலாம் என்று அவர் நிரூபித்தார். இரைச்சல் இருந்தால் பிழை இருந்தே தீரும், அது தலைவிதி என்று நினைத்திருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அந்தக் குறியை எப்படி அமைப்பது? அதே சாலையில் வேலை செய்த ஹாமிங் என்பவர் தம் கணக்குகளை வாரக் கடைசியில் ஆளில்லாமல் ஓடும்படி யந்திரத்தில் விட்டுப் போவார். யந்திரம் ஒரு பிழையைக் கண்டதும் அவர் கணக்கைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அவருக்குக் கோபம் வந்தது. பிழை இருக்கிறதென்று கண்டுபிடிக்கத் தெரிந்த யந்திரத்துக்கு அது எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்துத் திருத்த ஏன் தெரியக்கூடாது என்று கேட்டார். அந்த ஒரு "ஏன்" என்பதிலிருந்து பிறந்ததே 1950-ல் அவர் வெளியிட்ட பிழை திருத்தும் குறி. நான்கு பிட் செய்தியோடு மூன்று பிட் காவல் சேர்த்தால், ஏழில் எந்த ஒன்று கெட்டாலும் கண்டுபிடித்துத் திருத்திவிடலாம். தண்டோராக்காரர் இரண்டாந்தரம் கூவுவதைக் கணக்காகச் செய்ததுதான் இது. ஷானன் சொன்ன எல்லைக்கு மிக அருகே போகும் குறிகள் நடைமுறைக்கு வர 1993 வரை, அதாவது 45 வருஷம் ஆயிற்று. வழியிருக்கிறதென்று தெரிந்ததால்தான் அத்தனை வருஷம் தேடினார்கள்.

இதன் பலனைப் பாருங்கள். 1977-ல் அனுப்பப்பட்ட வாயேஜர் என்னும் விண்கலம் 2024-ல் 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அதன் ரேடியோவின் பலம் சுமார் 20 வாட். ஒரு சின்ன விளக்கு எரியும் அளவு. அங்கிருந்து கிளம்பும் அலை ஒளியின் வேகத்தில் வந்தும் பூமியைச் சேர 22 மணி நேரத்துக்கு மேலாகிறது. இருந்தும் வினாடிக்கு 160 பிட் வீதம் அது பேசியதைப் பூமியில் பிழையில்லாமல் படித்தார்கள். பலத்தினாலா? இல்லை. பெரிய ஏரியல், குளிரவைத்த கருவி, நிதானமான வேகம், பிழை திருத்தும் குறி ஆகிய நான்கினாலும்தான். 2,000 வோல்ட்டை ஏற்றி ஒரு கேபிளைக் கொன்றதற்கும், 20 வாட்டைக் கொண்டு கிரகங்களுக்கெல்லாம் அப்பாலிருந்து பேசுவதற்கும் நடுவில் இருப்பது அறிவு ஒன்றேயல்லாமல் வேறென்ன?

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். உபாத்தியாயர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுதான். முதல் வாரத்தில் கரும்பலகையில் ஒரு சூத்திரமும் எழுதாதீர்கள். பிள்ளைகளை இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக நிறுத்தி, நடுவில் இருப்பவர்களைக் கூச்சல் போடச்சொல்லி, ஒரு வரிசை மற்ற வரிசைக்கு ஒரு நம்பரைச் சொல்லட்டும். எத்தனை பிழை வந்தது, மெதுவாகச் சொன்னால் எத்தனை, இரண்டு தரம் சொன்னால் எத்தனை என்று அவர்களே எண்ணட்டும். ஒரு பழைய ரேடியோவைத் திறந்து காட்டுங்கள். ஒவ்வொரு சூத்திரத்தையும் அது எந்தக் கேள்விக்குப் பதிலாக, யாரால், என்ன சங்கடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது என்று சொல்லிவிட்டு எழுதுங்கள். பரீட்சையில் சூத்திரத்தை எழுது என்று கேட்பதைவிட, அது எங்கே பலிக்காது என்று எழுதும்படி கேளுங்கள்.

"இப்படியெல்லாம் படித்தால் மார்க்கு வருமா?" என்று பெற்றோர்கள் கேட்கக்கூடும். அவர்கள் கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல. கடனை அடைக்க வேலை வேண்டும், வேலைக்கு மார்க்கு வேண்டும் என்பது வாஸ்தவந்தான். ஆனால் உருப்போட்டது பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துபோகும். புரிந்துகொண்டது மறக்காது என்பதால் மார்க்குக்கும் அதுவே நல்ல வழியாகும். வேலைக்கு ஆள் எடுக்கிறவன் புத்தகத்தில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டால், மந்திரம் படித்தவன் திகைப்பான். சூத்திரம் படித்தவன் யோசிப்பான்.

மற்றும் சிலர், இதெல்லாம் இங்கிலீஷில்தான் சொல்லமுடியும், தமிழில் சொன்னால் கௌரவம் குறையும் என்கிறார்கள். இங்கிலீஷ் வார்த்தைகள் தொழிலுக்கு வேண்டும். அவற்றைக் கற்றே ஆகவேண்டும். ஆனால் புரிந்துகொள்வது என்பது வீட்டில் பேசுகிற பாஷையில்தான் முதலில் நடக்கிறது. வாய்க்காலையும் தண்டோராவையும் கொண்டு விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு இங்கிலீஷ் வார்த்தை ஒரு பெயர்ப் பலகைதான். விளங்காத பிள்ளைக்கு அது ஒரு பூட்டு.

கடைசியாக வாலிபத் தோழர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். உங்களுக்கு முன்னால் உங்கள் வீட்டில் யாரும் இதைப் படிக்கவில்லை என்பதற்காக நீங்கள் கூசவேண்டியதில்லை. "இது எனக்கு விளங்கவில்லை, ஏன் இப்படி?" என்று வகுப்பில் எழுந்து கேட்பது அவமானமல்ல. ஹாமிங் கேட்டதும், ஆர்ம்ஸ்ட்ராங் கேட்டதும் அதுவேதான். விளங்காததை விளங்கியதுபோல் தலையாட்டுவதுதான் சுயமரியாதைக்குக் குறைவு. அடுத்த விடுமுறையில் ஊருக்கு வரும்போது, உங்கள் கையிலிருக்கும் போனில் அக்கரைக் குரல் எப்படி வருகிறதென்று, ஒரு இங்கிலீஷ் வாக்கியமும் ஒப்பிக்காமல், உங்கள் தாயார் தகப்பனாருக்கு விளங்கும்படி திண்ணையில் உட்கார்ந்து சொல்லிப்பாருங்கள். அவர்களுக்கு விளங்கிற்றென்றால் நீங்கள் படித்தது சூத்திரம். விளங்கவில்லையென்றால், திரும்பிப் போய் உபாத்தியாயரைக் கேளுங்கள், விடாதீர்கள்.